குளியல் தண்ணீரில் வாழ்ந்த மரம்

அந்த மரத்தின் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. காட்டில் அது எங்கே மிஞ்சியிருக்கிறது என்பதையும் சொல்லப்போவதில்லை. அரிதானது என்று தெரிந்தாலே தேடிப்போய் ஒரு கிளையை ஒடித்துக்கொண்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள். மலைநாட்டில், ஓடைக்கரைச் சேற்றில் நிற்கும் மரம் என்றால் போதும். பெங்களூரில் அது ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அந்த ஒன்றையும் பல வருடம் நான் பார்க்காமலே கடந்துபோயிருக்கிறேன்.

நகரத்தின் வடக்கு ஓரத்தில் இருக்கும் ஒரு தாவர ஆய்வுக்கூடத்தில் நான் டெக்னீஷியன். வீடு ஜீவனஹள்ளியில். காட்டிலிருந்து வரும் இலைகளிலிருந்து டிஎன்ஏவைப் பிரித்தெடுப்பது என் வேலை. இலைகள் காய்ந்து, சின்னச் சின்ன உறைகளில், ஈரம் உறிஞ்சும் மணிகளோடு வந்துசேரும். திரவ நைட்ரஜன் ஊற்றி உறையவைத்துக் கல்வத்தில் அரைத்தால் பச்சை மாவாகும். அதைச் சூடாக்கி, கழுவி, வடித்து, கடைசியில் குளிர்ந்த ஆல்கஹாலை ஊற்றும்போது, ஒன்றுமே இல்லாத தெளிவில் வெள்ளை நூல் ஒன்று திரண்டு மிதக்கும். ஒரு மரம் எப்படி மரமாக வேண்டும் என்பது முழுக்க அந்த நூலில் இருக்கிறது. எத்தனையோ வருடமாகப் பார்க்கிறேன். இன்றும் அது திரளும் நேரத்தில் கையை அசைக்காமல் நின்றுவிடுவேன். பக்கத்து மேசைக்காரர்கள், இவள் ஜெபம் பண்ணுகிறாள் என்று கேலி செய்வார்கள்.

எங்கள் குழுவின் தலைவர் ஒரு கன்னடப் பெண்மணி. என்னைவிட ஓரிரு வயது மூத்தவர். மேடம் என்றுதான் கூப்பிடுவோம். சில வருடங்களாக அவர் இந்த ஒரு மரத்தின் பின்னால் அலைந்துகொண்டிருந்தார். மலைநாட்டில் அது நான்கு இடங்களில்தான் மிஞ்சியிருந்தது. காட்டுக்குப் போய், கால் முழுக்க அட்டைக்கடித் தழும்புகளோடு திரும்பிவந்து, இலை உறைகளை என் மேசையில் வைப்பார். அவருடைய கேள்வி எளிமையானது. புதிதாக நடுவதற்கு எந்த இடத்து விதையை எடுப்பது?

அதற்கு எல்லோரிடமும் ஏற்கெனவே ஒரு பதில் இருந்தது. நான்கு இடங்களில் ஒன்று பெரிய பள்ளத்தாக்கு. அங்கே மரங்கள் ஏராளம், காயும் ஏராளம், பக்கத்திலேயே ஜீப் போகும் பாதை. நாற்று வளர்த்தவர்கள் எல்லோரும் அங்கேதான் விதை பொறுக்கினார்கள். இன்னோர் இடம் ஒரு பாக்குத் தோட்டத்தின் வேலியோரம். ஓடையின் இரண்டு கரையிலுமாகக் கொஞ்சம் மரங்கள், பாதிக்கு மேல் தழைக்காகக் கிளை கழிக்கப்பட்டவை. அதை யாரும் பொருட்படுத்தவில்லை.

மரத்துக்கும் நம்மைப் போலவே ஒவ்வொரு மரபணுவிலும் இரண்டு பிரதிகள் உண்டு. தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று. அந்த நீண்ட நூலில் குறிப்பிட்ட சில இடங்களை மட்டும் நாங்கள் பார்ப்போம். அவை மரத்துக்கு மரம் வேறுபடக்கூடியவை. கணினித் திரையில் கூரான முகடுகளாக எழும்பும். ஒரு கூட்டத்தில் எத்தனை விதமான முகடுகள் இருக்கின்றனவோ, அந்தக் கூட்டத்துக்கு அவ்வளவு கையிருப்பு. புதிதாக ஒரு நோய் வந்தாலும், மழை பொய்த்தாலும், சில மரங்களாவது தாக்குப்பிடிக்க வேண்டும் என்றால் எல்லாம் ஒரே அச்சில் வார்த்ததுபோல் இருக்கக் கூடாது.

பெரிய பள்ளத்தாக்கின் இலைகளைக் கருவியில் ஓட்டியபோது, உறை மாற்றி உறை, அதே முகடுகள் வந்தன. எப்போதோ வெட்டித் தீர்த்த காட்டில் தப்பிய ஓரிரு மரங்களிலிருந்து அத்தனையும் பெருகியிருக்க வேண்டும் என்றார் மேடம். அந்தப் பச்சைப் பள்ளத்தாக்கு முழுவதும் ஒரே வீட்டுப் பிள்ளைகள். பாக்குத் தோட்டத்து வேலியோரம் நின்ற கொஞ்சம் மரங்களில் ஒன்றின் முகடு இன்னொன்றில் இல்லை. பள்ளத்தாக்கு முழுக்கத் தேடினாலும் கிடைக்காத வடிவங்கள் அங்கே இருந்தன. கண்ணால் பார்த்தால் ஒன்று செழிப்பு, மற்றது வறுமை. உள்ளே பார்த்தால் அப்படியே தலைகீழ். அன்று மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறக்க மறந்து நானும் மேடமும் திரை முன்னால் உட்கார்ந்திருந்தோம்.

இதற்கு அடுத்த வருடம், நகரத்து மரங்களைப் பார்த்து நடக்கும் ஒரு குழுவினர் வாட்ஸப்பில் ஒரு பூவின் படத்தைப் போட்டு, இது என்ன மரம் என்று கேட்டிருந்தார்கள். படம் சுற்றிச் சுற்றி மேடத்திடம் வந்தது. அவர் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். இந்தப் பூ பெங்களூரில் பூக்க வாய்ப்பே இல்லை என்றார். இடத்தைக் கேட்டதும் எனக்குத்தான் தூக்கிவாரிப்போட்டது. கன்டோன்மென்ட் பக்கம், ஒரு சர்ச்சை ஒட்டிய பழைய பங்களா. இப்போது ஆதரவற்ற முதிய பெண்களுக்கான இல்லம். நான் தினமும் பஸ் ஏறும் நிறுத்தத்துக்கு எதிர்ப்பக்கம்.

இல்லத்தின் வார்டன் ஐம்பதைத் தாண்டிய தமிழ்ப் பெண்மணி. புராட்டஸ்டன்ட் குடும்பம், அந்தப் பகுதியிலேயே பிறந்து வளர்ந்தவர். ஆன்ட்டி என்று கூப்பிட்டுக்கொண்டு போய் நின்றேன். மரத்துக்காக வந்திருக்கிறேன் என்றதும் அவர் முகம் மலர்ந்தது.

"நல்லதாப் போச்சும்மா. அதை எடுத்துடலாமான்னு நானே யாரையாவது கேக்கணும்னு இருந்தேன்."

பின்கட்டில், குளியலறைகளின் தண்ணீர் ஓடிவந்து தேங்கும் இடத்தில் அது நின்றது. அகலமான கரும்பச்சை இலைகள். சோப்பு நுரை படிந்த சேற்றிலிருந்து வேர்கள் முழங்கால் மடித்ததுபோல் வளைந்து எழும்பியிருந்தன. மலைநாட்டு ஓடையில் நிற்க வேண்டிய மரம், கிழவிகள் குளித்த தண்ணீரைக் குடித்துக்கொண்டு எத்தனையோ கோடைகளைத் தாண்டியிருந்தது. யார் நட்டது என்று யாருக்கும் தெரியவில்லை. இதன் விதையைக் காயவைத்து எடுத்துவைக்க முடியாது. ஈரம் போனால் செத்துவிடும். ஆகவே என்றோ ஒருநாள் யாரோ ஒருவர் விதையை ஈரத்துணியில் சுற்றிக்கொண்டு ரயிலேறி, வீட்டுக்கு வந்ததும் வராததுமாக மண்ணில் புதைத்திருக்க வேண்டும்.

நான்கைந்து இலைகளைப் பறித்து வந்து வேலையைத் தொடங்கினேன். முகடுகள் எழும்பியபோது சோதனைக் குழாய்களை மாற்றி வைத்துவிட்டேன் என்றே நினைத்தேன். நான்கு இடங்களில் எதனோடும் பொருந்தாத வடிவங்கள், அதுவும் ஒன்றல்ல, பல. மேடம் பார்த்துவிட்டு, "இன்னொந்து சல மாடி" என்றார், இன்னொரு முறை செய் என்று. மறுநாள் பஸ்ஸுக்கு நிற்பதற்கு முன்பே போய் வேறு கிளையிலிருந்து புது இலை எடுத்தேன். மேசையில் மற்ற எந்த உறையும் இல்லாமல், தனியாக, எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்தேன். அதே முகடுகள்.

மேடம் இரண்டு முறை வந்த முகடுகளையும் அருகருகே வைத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார். காட்டில் இந்த மரம் இருந்த வேறு ஏதோ ஓர் இடத்தின் விதை இது. அந்த இடம் தோட்டமாகியிருக்கலாம், அணைத் தண்ணீருக்கு அடியில் போயிருக்கலாம். எது என்று இனி யாரும் சொல்ல முடியாது. அவர் கன்னடத்தில் மெதுவாகச் சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது.

"அஞ்சாவதா ஒரு காடு இருந்திருக்கு. இப்ப இந்த ஒரு மரம்தான் அந்தக் காடு."

அன்று சாயங்காலம் பஸ்ஸிலிருந்து இறங்கி அந்தக் காம்பவுண்டுச் சுவருக்கு அருகில் போய் நின்றேன். உள்ளே டிவியில் ஏதோ சீரியல் ஓடிக்கொண்டிருந்தது. சுவருக்கு மேலே இலைகள் ஆட்டோக்களின் புகையில் அசைந்தன. ஒரு மலைச்சரிவு, அதன் ஓடை, அங்கே நூற்றாண்டுகளாகப் பூத்துக் காய்த்த மரங்கள், அவ்வளவும் காணாமல் போனபிறகு, அவற்றின் எழுத்து மட்டும் இந்தச் சுவருக்குப் பின்னால் உயிரோடு இருந்தது.

ஆனால் ஆன்ட்டியிடம் இதைச் சொல்லப் போனபோது அவர் முந்திக்கொண்டார். பாதாளச் சாக்கடை இணைப்புக்கு அவர் ஏற்பாடு செய்து முடித்திருந்தார். எல்லாத் தண்ணீரும் குழாயில் போய்விடும், பின்கட்டு காய்ந்துவிடும் என்றார். தண்ணீர் நின்றால் இந்த மரம் இரண்டு கோடைகூடத் தாங்காது என்றேன்.

"போன மழையில ரெண்டு பேருக்கு டெங்கு வந்துச்சும்மா. ஹாஸ்பிடல்ல சேத்தேன். ஒருத்தங்க திரும்பி வரல. நீ மரத்துக்குப் பேசற, சரி. நான் இவங்களுக்குப் பதில் சொல்லணுமில்ல?"

அவர் கோபமாகச் சொல்லவில்லை. நான் வைத்திருந்த முகடுகளின் படத்தை அவர் முன் நீட்டக் கூச்சமாக இருந்தது. மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

என் வீட்டுக்காரர் பிளம்பிங் கான்ட்ராக்ட் எடுப்பவர். ராத்திரிச் சாப்பாட்டின்போது புலம்பியதைக் கேட்டுக்கொண்டே இருந்தவர், கொசு எல்லாத் தண்ணீரிலுமா முட்டையிடுகிறது, தேங்கிய தண்ணீரில் மட்டுமா என்று கேட்டார். தேங்கினால்தான் என்றேன். அப்படியென்றால் தேங்கவிடாமல் கொடுத்தால் போயிற்று என்றார். கக்கூஸ், சமையல்கட்டுத் தண்ணீர் சாக்கடைக்குப் போகட்டும். குளியல் தண்ணீரை மட்டும் மூடிய குழாயில் கொண்டுபோய், ஓட்டை போட்ட குழாயாக மண்ணுக்கு அடியில் மரத்தைச் சுற்றிப் பதித்துவிடலாம். மேலே ஜல்லி பரப்பினால் ஒரு சொட்டுக்கூட வெளியே தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் சர்ச்சில் பூசை முடிந்ததும் அவரையே ஆன்ட்டியிடம் கூட்டிக்கொண்டு போனேன். இருவரும் பின்கட்டில் நின்று சரிவையும் மண்ணையும் பற்றி வெகுநேரம் பேசினார்கள். சரி, ஒரு மழைக்காலம் பார்க்கிறேன், கொசு வந்தால் குழாயை அடைத்துவிடுவேன் என்று ஆன்ட்டி ஒத்துக்கொண்டார். வேரில் கடப்பாரை படக் கூடாது என்பதற்காக என் வீட்டுக்காரர் ஆட்களை விடாமல், மண்வெட்டியைக் கிடைமட்டமாகப் பிடித்துத் தானே தோண்டினார். அந்த மழைக்காலத்தில் ஆன்ட்டி டார்ச் அடித்து ஜல்லிக்குள் பார்த்தபடியே இருந்தார். கொசு வரவில்லை. மரம் புதுத் தளிர் விட்டது.

தண்ணீர்ப் பிரச்சினை தீர்ந்தாலும், அந்த மரத்தோடு அந்தக் காடும் முடிந்துவிடும் என்ற நிலை மாறவில்லை. இந்த வகையில் ஆண்மரம் வேறு, பெண்மரம் வேறு. இது பெண். வருடா வருடம் தை மாதத்தில் பூத்துத் தரையை நிறைத்ததே தவிர ஒரு காய் காய்த்ததில்லை. இதற்கு மிக அருகில் இருந்த ஆண்மரமே மலைநாட்டில்தான் இருந்தது.

மகரந்தத்தைக் கொண்டுவந்து நாமே சேர்க்கலாம் என்று மேடம் முடிவெடுத்தார். எந்த ஆண்மரம் என்பதில்தான் அவருக்குத் தூக்கம் போனது. பள்ளத்தாக்கு மரங்கள் வேண்டாம் என்பது தெளிவு. மற்ற இடங்களில், இந்த மரத்தோடு உறவு மிகக் குறைந்ததாக ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். ஆனால் மிகவும் தூரத்து மரமாக இருந்தால், பிறக்கிற கன்றுக்கு எந்த மண்ணும் பொருந்தாமல் போகவும் கூடும். எங்களிடம் இருப்பது ஒரே ஒரு தாய். கடைசியில், பாக்குத் தோட்டத்து ஆண்மரம் ஒன்றையும் வேறோர் இடத்து ஆண்மரம் ஒன்றையும் எடுத்துக்கொண்டோம். எந்தப் பூவுக்கு எந்த மரத்தின் மகரந்தம் என்று தெரிவதற்காகக் கிளைக்கு ஒரு நிறமாக நூல் கட்டுவது என்று தீர்மானித்தோம்.

மேடம் ஐஸ் பெட்டியில் மகரந்தத்தோடு வந்து இறங்கிய காலையில், வர்ணம் அடிக்கிறவர்களிடம் வாடகைக்கு எடுத்த இரும்புச் சாரம் மரத்தைச் சுற்றி நின்றது. நான் துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு மெல்லிய தூரிகையோடு மேலே ஏறினேன். இல்லத்துப் பெண்கள் நாற்காலிகளைப் பின்கட்டுக்கு இழுத்துவந்து உட்கார்ந்துகொண்டார்கள். அவர்களில் ஒருவர், பிரசவ வார்டில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர், கீழேயிருந்து என்ன செய்கிறாய் என்று விசாரித்தார். சொன்னேன்.

"மாப்பிள்ளை சொந்தத்துலயா, அசல்லயா?" என்று கேட்டார்.

"அசல்லதாங்க ஆன்ட்டி. சொந்தமே இல்லாத இடமாப் பாத்துத்தான் எடுத்திருக்கோம்."

"அப்ப புள்ள நல்லா இருக்கும்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். வார்டன் ஆன்ட்டியும் சிரித்தார்.

பூ மூக்குத்தியைவிடச் சற்றுப் பெரியது. நடுவில் சூலகத்தின் நுனி ஈரமாக மின்னும். மஞ்சள் தூள் ஒட்டிய தூரிகையை அதில் தொட்டு எடுக்க வேண்டும், அவ்வளவுதான். முதல் பூவைத் தொட்டேன். அந்தப் பொடியில் கண்ணுக்குத் தெரியாத ஒரு துகள், அந்தப் பூவுக்குள் இருந்த கண்ணுக்குத் தெரியாத ஒரு முட்டையைத் தேடி இறங்க வேண்டும். ஒன்று நான் பார்த்தேயிராத ஓர் ஓடைக்கரையிலிருந்து வந்தது. மற்றது இப்போது இல்லவே இல்லாத ஓர் ஓடைக்கரையிலிருந்து வந்தது. இரண்டும் சந்திக்கிற இடம் ஒரு தூரிகையின் நுனி. கீழே யாரோ காபி கொண்டுவந்து வைத்துவிட்டு, இறங்கி வந்து குடி என்று கூப்பிட்டார்கள். எனக்கு இறங்க மனம் வரவில்லை.

பிறகு காத்திருப்பு. நர்ஸம்மா தினமும் காலையில் கைத்தடியோடு போய் நிமிர்ந்து பார்த்துவிட்டு வருவாராம். பூக்களில் பெரும்பாலானவை வழக்கம்போல உதிர்ந்தன. சில காம்புகள் மட்டும் உதிராமல் தடித்தன. அவர் வார்டனின் போனில் என்னைக் கூப்பிட்டு, "நின்னுடுச்சும்மா" என்று மட்டும் சொன்னார். கரு தங்கிவிட்டது என்பதை வார்டில் அவர்கள் அப்படித்தான் சொல்வார்கள்போல. நான் ஆய்வுக்கூட வராந்தாவில் நின்றபடி அழுதேன்.

ஏப்ரலில் ஒரு சாயங்காலம் ஆலங்கட்டி மழை கொட்டியது. ஊரெங்கும் மரங்கள் சாய்ந்தன. மறுநாள் விடியும்போதே நானும் என் வீட்டுக்காரரும் ஸ்கூட்டரில் போனோம். ஒரு கிளை முறிந்து கிடந்தது. பச்சைப் பிஞ்சுகள் ஜல்லியில் சிதறியிருந்தன. நூல் கட்டிய மற்ற கிளைகளில் விரல்விட்டு எண்ணக்கூடிய காய்கள் மிஞ்சின. அவற்றுக்கு வலைப்பை கட்டினோம். ஜூனில் பழுத்தபோது ஒவ்வொன்றையும் மேடமே கத்தரித்து எடுத்து, அன்றே ஈரமணலில் ஊன்றினார். எல்லாம் முளைக்கவில்லை. முளைத்தவை நெடுநேரம் யோசித்துவிட்டு வருவதுபோல, ஒவ்வொன்றாக, பல வாரங்களில் தலைகாட்டின.

இரண்டாவது ஜோடி இலை விரிந்ததும் ஒவ்வொரு கன்றிலிருந்தும் நகத்தளவு துண்டு எடுத்தேன். அதே கல்வம், அதே வெள்ளை நூல். முகடுகள் திரையில் எழும்பியபோது மேடமும் என் பின்னால் நின்றிருந்தார். தாயின் அந்த அபூர்வ முகடு ஒன்று. அதன் பக்கத்திலேயே, பாக்குத் தோட்டத்து ஆண்மரத்தின் முகடு ஒன்று. இரண்டும் ஒரே கன்றுக்குள். இந்த வகை மரம் தோன்றியது முதல் அந்த இரண்டு எழுத்துகளும் ஒரே உடம்பில் சந்தித்திருக்குமா என்பதே சந்தேகம் என்றார் மேடம். கன்றுக்குக் கன்று தாயிடமிருந்து வெவ்வேறு பாதி வந்திருந்தது. ஒன்றில் இல்லாதது இன்னொன்றில் இருந்தது. எல்லாக் கன்றுகளையும் சேர்த்துப் பார்த்தால், நாங்கள் பார்த்த இடங்களிலெல்லாம், காணாமல் போன காட்டின் எழுத்துகள் அநேகமாக முழுவதுமாகத் திரும்பிவந்திருந்தன.

அவற்றை இரண்டு வருடம் நிழல்கூடத்தில் வளர்த்தோம். அதன்பிறகு வந்த மழைக்காலத்தில் நடுவதற்குக் கொண்டுபோனபோது மேடம் என்னையும் கூட்டிக்கொண்டு போனார். இத்தனை வருடம் அந்த மரங்களின் உள்ளெழுத்தைப் படித்தவளுக்கு, அவை நிற்கும் இடத்தைப் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

பாக்குத் தோட்டத்தைத் தாண்டி இறங்கினால் ஓடை. தண்ணீர் தேநீர் நிறத்தில் ஓடிக்கொண்டிருந்தது. சேற்றில் கணுக்கால்வரை புதைந்தது. அரையிருட்டில், வளைந்த வேர்களோடு, கிளை கழிக்கப்பட்ட அந்த மரங்கள் நின்றன. ஒவ்வொன்றிலும் ஒரு சிறிய தகட்டில் எண் பொறித்திருந்தது. எண்ணைப் படித்ததும் முகடுகள் என் மனதில் தாமாக எழும்பின. எதிர்க்கரையில் தள்ளி நின்ற மெலிந்த மரம், இந்தக் கரையில் சாய்ந்து நின்ற மரத்தின் பிள்ளை. கிளையோடு கிளை உரசி நின்ற மற்ற இரண்டும் ஒன்றுக்கொன்று உறவே இல்லை. அந்த ஓடைக்கரையில் நின்ற ஒவ்வொருவரையும் எனக்குத் தெரியும், அவர்களுக்குத்தான் என்னைத் தெரியாது என்று தோன்றியது. கன்றுகளில் சிலவற்றுக்குத் தந்தையான மரத்தின் மேல் உள்ளங்கையை வைத்தேன். பாசி குளிர்ந்து, ஈரமாக, உயிருள்ள ஒன்றின் தோலைப் போல இருந்தது. சிலுவை போட்டுக்கொண்டேன். மேடம் பார்த்தார். பிறகு குனிந்து முதல் கன்றுக்குக் குழி தோண்டத் தொடங்கினார்.

கன்றுகளில் பாதியை அங்கே நட்டோம். மீதியைக் காவல் உள்ள வேறோர் இடத்தில், எல்லாம் ஒரே இடத்தில் இருந்து ஒரே நாளில் போய்விடக் கூடாது என்பதற்காக. முதல் வருடமே சிலவற்றை மான் தின்றது, ஒன்றை ஓடை வெள்ளம் அடித்துக்கொண்டு போனது. மற்றவை இப்போது என் இடுப்புயரம் இருக்கின்றன. பின்கட்டு மரமும் நலமாக இருக்கிறது. போன தையில் வேறு இரண்டு ஆண்மரங்களின் மகரந்தத்தைச் சேர்த்திருக்கிறோம். இந்தக் கன்றுகளில் எது ஆண், எது பெண் என்று பூத்தால்தான் தெரியும். பூக்க இன்னும் எத்தனையோ வருடம் பிடிக்கும். அதற்குள் நான் ரிட்டயர் ஆகியிருப்பேன்.